அறுந்திருக்க வேண்டிய வார்

கண்ணு,

நீயும் அப்பாவும் செங்கல்பட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறீர்கள். எனக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். கம்பெனி பஸ் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. சோற்றை வடித்து வைத்துவிட்டு, உன் பழைய கணக்கு நோட்டில் எழுதாமல் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாயாலேயே சொல்லிவிடலாம் என்று நான்கு நாட்களாகப் பார்க்கிறேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் "சாப்டியா?" என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரமாட்டேன் என்கிறது. பத்தாவதோடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் சிரிக்காதே. சிரிப்பதானாலும் முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் படிக்கட்டில் மிளகாய்த் தட்டோடு நின்றிருந்தேன். தற்செயலாகக் காதில் விழுந்தது என்று சொல்ல ஆசைதான். ஒட்டுத்தான் கேட்டேன். ஓசூரில் அவருடைய கம்பெனிக்குப் பக்கத்தில் செக்கிங் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள், நீ மனு போடுகிறாயா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். நீ சொன்னாய்: "வேணாங்க. எனக்குக் கவனம் பத்தாது. ஏற்கெனவே ஒருவாட்டி பட்டாச்சு. வூட்டோடவே இருந்துக்கறேன்." அதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊர்ப் பேரைச் சொல்வதுபோல, நிறத்தைச் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னாய். அது உன் வார்த்தை இல்லை, கண்ணு. அப்பா உன்னிடம் சொன்ன வார்த்தை. அவர் அதைச் சொன்னபோது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். உன் கழுத்தில் தாலி ஏறுவதற்குள் அந்த வார்த்தையை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அந்த நீலப் பையை ஞாபகம் இருக்கும். கார் விளக்கு கம்பெனியில் நீ செக்கிங்கில் சேர்ந்த புதிதில் தைத்தது. கடையில் வாங்கிய பையின் ஜிப் இரண்டே மாதத்தில் வாயைப் பிளந்துவிட்டது என்று நீ சலித்துக்கொண்டாய். "நான் இருக்கும்போது கடைக்கு ஏண்டி போற?" என்று நான் பந்தாவாகச் சொன்னேன். அப்பாவின் பழைய ஜீன்ஸ் இரண்டு கிடந்தன. அவர் கிடங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து போர்க்லிப்ட் வண்டி ஓட்டியதில் பின்பக்கம் நைந்திருந்தது, முட்டியும் வெளுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் துணி புதிதுபோல இருந்தது. பிளேடால் தையலைப் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு, நான்கு கால்களின் கீழ்ப்பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெரிய துண்டாகத் தைத்தேன். உள் துணிக்கு என் மஞ்சள் சுடிதார் டாப். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு அறை, டிபனுக்கு ஒரு அறை. ஐடி கார்டு வைக்க உன் ப்ளஸ் டூ யூனிபார்ம் பாக்கெட்டை அப்படியே பெயர்த்து உள்ளே வைத்தேன். இடுப்புப் பட்டியில் பெல்ட் நுழைக்கும் வளையங்களைக்கூட வீணாக்கவில்லை, அதில் சாவிக்கொத்து மாட்டினாய். குறுக்கே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "கடையில வாங்கினாப்பலயே கீதும்மா" என்றாய். கடையில் வாங்கியது இரண்டு மாதத்தில் பிய்ந்ததை அதற்குள் மறந்துவிட்டாய். எனக்கு அன்றைக்குப் பூரிப்பில் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்தப் பையின் வாருக்கு வருகிறேன். ஜீன்ஸின் பக்கத் தையல் இருக்கிறதே, இரண்டு துணி மடிந்து கெட்டியாக இருக்கும் இடம், அதை நீளமாக வெட்டி நான்காக மடித்து வார் செய்தேன். பையோடு அதைச் சேர்க்கும்போது நம் கால்மெஷினில் ஊசி இரண்டு முறை ஒடிந்தது. சரி, கையாலேயே தைப்போம் என்று கோணி ஊசியை எடுத்தேன். நூலுக்கு என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் கம்பெனி லைனில் கார் சீட்டின் அடிப்பாகத்துக்கு ஒரு நைலான் நூல் உண்டு. ஒரு ஆள் தொங்கினாலும் அறாது. கோனின் அடியில் மிஞ்சுகிற நூலைக் குப்பைப் பெட்டியில்தான் போட வேண்டும், வெளியே கொண்டுவரக் கூடாது. நான் அதை டிபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் சுற்றி, கேட்டில் செக்யூரிட்டி அம்மாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே கொண்டுவந்துவிட்டேன். பதினோரு வருடத்தில் நான் அங்கிருந்து எடுத்த ஒரே பொருள் அதுதான். வாரின் இரண்டு முனையிலும் கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி போட்டு, அதன் மேலேயே இன்னொரு சுற்றும் தைத்தேன். என் மகள் தோளில் தொங்குவது அவள் ஆயுசுக்கும் அறக்கூடாது என்று நினைத்தேன்.

நான் கம்பெனியில் சீட் உறை தைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எந்தத் தையல் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கார் சீட்டின் பக்கவாட்டில் ஒரு காற்றுப்பையை மடித்து வைத்திருப்பார்கள். வண்டி எதிலாவது மோதினால் அது தையலைப் பிளந்துகொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருப்பவரைத் தாங்க வேண்டும். அதனால் அந்த ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வேறு நூல், மெல்லிய நூல். எத்தனை தையல் விழுந்தது என்பதை மெஷினே எண்ணும். நடுவில் நூல் அறுந்தால் மேலே இன்னொரு தையல் ஓட்டிச் சரிக்கட்டக் கூடாது, பீஸையே தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். கிழிய வேண்டிய நேரத்தில் கிழிய வேண்டிய தையல் அது. வல்லம் வடகால் கம்பெனிக்குப் போன நாளிலிருந்து நான் தைப்பது அதைத்தான். உன் பையைத் தைத்த அதே வாரத்தில், கார்மென்ட்ஸில் பல வருடம் தைத்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, என் வயதுக்காரி, அந்த இடத்தில் இரண்டு முறை தையல் ஓட்டிவிட்டாள். கேட்டால், "ஸ்டிராங்கா இருக்கட்டுமேன்னுதாங்க்கா" என்கிறாள். "உன் ஸ்டிராங்கு ஆளைக் கொன்னுடும்டி" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்து உன் பையின் வாரில் மூன்றாவது சுற்றும் தைத்தேன். இதைவிட ஒரு முட்டாளை நீ பார்த்திருக்க மாட்டாய்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ அடிபட்ட அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீ அதை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாயோ அது தப்பு, அதனால் சொல்கிறேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஷேர் ஆட்டோ ஏறினாய். உன் கம்பெனி கேட்டுக்கு எதிரே இறங்கினாய். மணி என்ன என்று பார்க்கப் போனைக் கையில் எடுத்திருந்தாய். இறங்கும்போது பையின் வார் ஆட்டோவின் பின்கம்பியில் மாட்டிக்கொண்டது. நீ இறங்கிவிட்டாய் என்று ஆட்டோக்காரர் வண்டியை எடுத்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு அடி உன்னை இழுத்துக்கொண்டு போயிற்று. தோள் எலும்பு முறிந்தது, முட்டித் தோல் முழுக்கப் போயிற்று. ஒரு லாரி பின்னால் வந்திருந்தால் என்பதை நான் இன்றுவரை யோசித்து முடித்ததில்லை. அந்த இடம் வரும்போது எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் உன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பையை எடுத்துப் பார்த்தேன். ரோட்டில் தேய்ந்து ஜீன்ஸ் துணி வெள்ளையாகிக் கிழிந்திருந்தது. மஞ்சள் துணி நாராகத் தொங்கியது. யூனிபார்ம் பாக்கெட் பாதியைக் காணோம். வாரின் தையலில் மட்டும் ஒரு நூல்கூட விடவில்லை. நான் தையல்காரி, கண்ணு. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைப் பையாக இருந்தால் மாட்டிய வேகத்திலேயே வார் பிய்ந்திருக்கும். நீ தடுமாறி நின்று, அந்த ஆட்டோக்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு ஷிப்டுக்குப் போயிருப்பாய்.

அப்பா வந்தார். கட்டுப் போட்டுப் படுத்திருந்த உன்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "போனைப் பாத்துக்கினேதானே எறங்கின?" என்பது. போன் கையில் இருந்தது உண்மைதானே, எப்படி இல்லையென்பாய். "கவனம் பத்தாதுடி உனுக்கு. இதுக்கு மேல நீ வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும்" என்றார். அவரைக் கோபிக்காதே. தினமும் காலையில் அவருடைய கிடங்கில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கவனம், கவனம் என்று அரை மணி நேரம் ஓதுகிறார்கள். எந்த விபத்தைப் பார்த்தாலும் அவருக்கு அதுதான் நாக்கில் வரும். பயத்தில் கத்தினார். நான்தான் அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும். கவர் என் கையில் இருந்தது. கவரைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "சரி விடுங்க, கொழந்த வலியில கீது" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். இரண்டு நாள் கழித்து, "அம்மா, என் பை இன்னா ஆச்சு?" என்று நீ கேட்டாய். ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். அன்று காலைதான் அதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நூல் விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைச் சொல்லி நிறுத்திவிட்டால் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் நூலை மறைத்துவிட்டு வாரை மட்டும் சொல்லியிருக்கலாமே. தைத்த கை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பெனியில் தையலில் சந்தேகம் என்றால் எல்லோரும் வந்து கேட்கும் அக்கா, வீட்டில் தன் பிள்ளையையே இழுத்துப் போட்டாள் என்று அப்பா நினைத்துவிடுவாரோ என்று இருந்தது. முதல் மாதம் போகட்டும் என்று நினைத்தேன், உன் கட்டைப் பிரிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதை எழுதக் கை கூசுகிறது. ஷிப்ட் முடிந்து வரும்போது நீ வீட்டில் இருந்தாய். சுடச்சுட ரசம் இருந்தது, துணி மடித்திருந்தது, என் காலைப் பிடித்துவிட ஒரு ஆள் இருந்தது. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. உனக்குக் கவனம் பத்தாது என்று இந்த வீடு நம்பிய இரண்டு வருடமும் அதனால் சுகப்பட்டவள் நான்தான்.

உனக்கா கவனம் பத்தாது? விளக்கு கம்பெனியில் உன் சூப்பர்வைசர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது என்னிடம் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. "லென்ஸுல மயிரிழை கீறல் இருந்தாக்கூட உங்க பொண்ணு கண்ணுல தப்பாதும்மா. அவ ஓகே போட்டா நாங்க திருப்பிப் பாக்கறதே இல்ல" என்றார். நான்காம் வகுப்பில் என் தோடு மரை கழன்று வாசலில் விழுந்தபோது, கூட்டிவைத்த குப்பையை ஒரு மணி நேரம் துழாவி நீதான் எடுத்தாய். இன்றைக்கும் பருப்பில் நீ கல் பொறுக்கினால் யார் பல்லிலும் ஒன்றும் கடிபடுவதில்லை. இப்படிப்பட்டவள் தன்னைப் பற்றிப் பிறத்தியாரிடம் கவனமில்லாதவள் என்று சொல்லிக்கொள்கிறாள். அந்தக் கீறலைப் போட்டது நான்.

ஞாயிறு மாடியில் அதைக் கேட்ட பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் துணியைத்தான் எடுத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. என் பச்சைக் கட்டம் போட்ட கைத்தறிப் புடவை, உன் காது குத்துக்கு எடுத்தது, ஓரம் நைந்துவிட்டது. நல்ல பகுதியை வெட்டி, விறைப்பாக நிற்க நடுவில் பழைய போர்வைத் துண்டு கொடுத்து, அப்பாவின் கோடு போட்ட சட்டையை உள் துணியாக வைத்தேன். சட்டைப் பாக்கெட்டை எடுக்கவில்லை, அது உள்ளே அப்படியே இருக்கிறது, பஸ் பாஸ் வைத்துக்கொள்ளலாம். வாரின் ஒரு முனையை ஒழுங்காகத் தைத்தேன். இன்னொரு முனையைச் சாதாரணப் பருத்தி நூலில், நீள நீளத் தையலாக, ஒரே ஓட்டம். முடிச்சு இல்லை. கம்பெனியில் இழுத்துப் பார்க்க மெஷின் இருக்கிறது. நீ கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வீட்டில் கொக்கியில் மாட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை உள்ளே வைத்து, அப்பாவைக் கூப்பிட்டு வெடுக்கென்று இழுக்கச் சொன்னேன். முதல் தடவை கேன் வைத்ததுமே அறுந்து தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. தையலை நெருக்கினேன். இரண்டாம் தடவை அவர் தொங்கியும் அறவில்லை. பிரித்து மறுபடி தைத்தேன். நான்காம் தடவைக்கு அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நல்லாத் தைக்கறதும் நீயே, கிழியச் சொல்றதும் நீயே. இன்னாதான் ஆச்சு உனுக்கு?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். நூல், மூன்று சுற்று, ஆஸ்பத்திரிக் கவர், குப்பை வண்டி, எல்லாவற்றையும். அவர் வாரைக் கையில் பிடித்தபடியே நின்றார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "ரெண்டு வருசமா தெரியுமா உனுக்கு?" என்றார். தெரியும் என்றேன். "நான் அவள இன்னா இன்னா பேசியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தார். தண்ணீர் ஓடிக் கிடந்த தரையைத் துணி எடுத்துவந்து அவரே துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தரை துடைத்து நான் பார்த்ததில்லை. அதற்கடுத்த தையல்தான் சரியாக வந்தது, கேனைத் தாங்கியது, வெடுக்கென்று இழுத்ததும் அறுந்தது. நேற்றுக் காலையில், "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் எழுதுகிறேன் என்றேன். "அப்பன்னா நாளைக்கு அவள இட்டுக்கினு பத்திரிக வெக்கப் போறேன், நீ குந்திக்கினு எழுது" என்றார். வழியில் அவர் வழக்கத்துக்கு விரோதமாக உனக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்திருந்தால், காரணம் இதுதான்.

கல்யாணமும் ஒரு தையல் மாதிரி என்று நான் ஆரம்பிக்கப்போகிறேன் என்று பயப்படாதே. நீ சிரிப்பாய். நேராகவே சொல்கிறேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. வேலைக்குப் போகிறாயா என்று அவராகக் கேட்டார் பார், அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனாலும் மனிதர்கள் சேர்ந்து வாழ்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. எதிலாவது மாட்டிக்கொண்டு அது உன்னை இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்தால், பிடித்துக்கொண்டே ஓடாதே. விட்டுவிட்டு நில். நின்று, எங்களுக்கு ஒரு போன் போடு. ஊர் என்ன சொல்லும் என்பதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். இன்னொன்று. வீட்டில் ஒரு தப்பு நடந்து, யாராவது உடனே உன் பக்கம் கையை நீட்டினால், பேசாமல் வாங்கிக்கொள்ளாதே. ஏன், எப்படி என்று கேள். அன்றைக்கு நீ அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. இதோ பார், இதிலும் பழியை உன் பக்கம் தள்ளுகிறேன். இந்த வரியை அடித்துவிட வேண்டும், அடிக்காமலே விடுகிறேன். உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும்.

என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. கல்யாண வீடு, அழக்கூடாது, சண்டை கூடாது என்றெல்லாம் அடக்காதே. பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு. எத்தனை நாளானாலும் நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவேன். புதுப் பை பிடிக்கவில்லையென்றால் எடுத்துக்கொண்டு போகவேண்டிய கட்டாயம் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் உன்னுடைய இரண்டு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன், அதை ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிட முடியாது.

இந்தக் கடிதத்துக்கு அடியில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். ஓசூர் வேலைக்கான படிவம். மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி அப்பா பிரின்ட் எடுத்துவந்தார். போடுவதும் போடாததும் உன் இஷ்டம், நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். பெயர், வயது, படிப்பு எல்லாம் காலியாக இருக்கிறது. முந்தைய வேலையை விட்டதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் நான் நிரப்பிவிட்டேன். "இவளுடைய அம்மா தைத்த பை அறுந்திருக்க வேண்டிய நேரத்தில் அறவில்லை. இவள் கவனமாகத்தான் இறங்கினாள்" என்று எழுதிக் கீழே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இப்படி எழுதினால் எந்தக் கம்பெனியிலும் எடுக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அவர்களுக்குக் கொடுக்க அப்பா இன்னொரு தாள் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறார். இது உனக்கு.

அம்மா